கரடிப்போக்கு அளவையியல் வகுப்பும் தூக்க முடியாத கல்லும்

அளவையியலை, அதாவது சரியாக நியாயம் காட்டும் முறையைப் படிக்கும் பாடத்தை, மனப்பாடம் செய்யாமல் விளங்கிப் படிக்க விரும்புகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கிற உயர்தர வகுப்புக்கு யோசிக்காமல் அனுப்புங்கள். மகளைக் கொண்டுபோய் விடும் நான், பெற்றோரும் இருந்து கேட்கலாம் என்று சேர் சொன்னதால் கடைசி வாங்கில் இருந்து கேட்டு வருகிறேன். தகரக் கொட்டகை, சரியான வெக்கை, அதைத் தாங்கிக்கொள்ளலாம். நான் எழுத வந்தது முரணாமை விதிக்கு, அதாவது ஒன்று ஒரே நேரத்தில் உண்மையாகவும் பொய்யாகவும் இருக்க முடியாது என்ற விதிக்கு, அவர் எடுத்த பாடத்தைப் பற்றி.

எல்லாம் வல்ல கடவுளால், தன்னாலேயே தூக்க முடியாத ஒரு கல்லைப் படைக்க முடியுமா? இதைத்தான் பலகையில் எழுதினார். முடியும் என்றால் அந்தக் கல்லைத் தூக்க முடியாது, முடியாது என்றால் படைக்க முடியாது, எந்தப் பக்கம் போனாலும் அவரால் செய்ய முடியாத ஒன்று மிஞ்சுகிறது. சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் கலந்திருக்கிற வகுப்பு, எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்புறம் அவர் செய்ததுதான் இந்த வகுப்பின் பெறுமதி. முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிப்பதைக் கேட்டார். எரியும் என்று பொங்கலுக்குப் போய்வந்த பிள்ளைகள் சொன்னார்கள். நம்புவதும் விடுவதும் வேறு கதை, 'கடல்நீரில் விளக்கு எரிகிறது' என்ற வசனம் தன்னைத்தானே மறுக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். மறுக்கவில்லை. தண்ணீரைப் பற்றி நாங்கள் அறிந்ததற்கு மாறானது, அவ்வளவுதான். ஆனால் அதே விளக்கு அதே கணத்தில் எரிகிறது, எரியவும் இல்லை என்று சொன்னால் அங்கே நடப்பதற்கென்று ஒன்றுமே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் சொன்னது இதுதான்: முரண்பாடு உள்ள ஒன்று செய்யக்கூடிய காரியங்களுக்குள்ளேயே வராது, ஆகவே அதைச் செய்யாதது வல்லமைக்குக் குறைவில்லை. கணித உண்மைகள்கூடக் கடவுளின் விருப்பத்தில் தங்கியவை என்று பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்காட் எதிர்ப்பக்கம் நின்றதையும் சொன்னார். அப்படி முரண்பாட்டையும் செய்ய வல்லவர் என்றால், தூக்க முடியாத கல்லைப் படைத்துவிட்டு அதைத் தூக்கியும் விடுவார்தானே என்று அமெரிக்க மெய்யியலாளர் ஹரி பிராங்பேர்ட் 1964இல் காட்டியதைக் கேட்டபோது பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். இதெல்லாம் வகுப்பில் தரும் அச்சுக் குறிப்பான ரியூட்டில் இல்லை, வகுப்பில் இருந்தால்தான் கிடைக்கும்.

ரியூட்டில்தான் எனக்குக் குறை. மெய்யியலாளர் ஜோர்ஜ் மவ்ரோடீஸ் 1963இல் எழுதிய பதிலை, அதாவது 'எல்லாம் வல்லவரால் தூக்க முடியாத கல்' என்பதே முரண்பாடு என்பதை, முடிந்த முடிவாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு மேசன் தான் வார்த்த கொங்கிறீற்றுத் தட்டைத் தன்னால் தூக்க முடியாமல் நிற்பது எங்கள் ஊரில் தினமும் நடக்கிறது. ஆகவே செய்தவரால் தூக்க முடியாத பொருள் என்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. செய்தவர் எல்லாம் வல்லவர் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டால்தான் முரண்பாடு வருகிறது, அப்படி ஒருவர் இருக்க முடியுமா என்பதுதானே கேள்வியே! 1967இல் வேட் சவேஜ் என்ற இன்னொரு மெய்யியலாளர் இந்த ஓட்டையைக் கவனித்து வேறு வழி சொன்னார்: தன்னால் தூக்க முடியாத கல்லைப் படைக்க முடியாது என்பதன் பொருள், படைக்கக்கூடிய எந்தக் கல்லையும் தூக்கவும் கூடியவர் என்பது மட்டும்தான், இதில் குறை எங்கே? எனக்கு இதுதான் உறுதியான பதிலாகப் படுகிறது. ஒரு பக்கம் கூட்டிச் சேர்த்திருக்கலாம்.

எங்கள் பக்கத்துச் சிந்தனையும் வகுப்பில் வரவில்லை. குறளின் 'எண்குணத்தான்' என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் எட்டு இறைக்குணங்களில் ஒன்று முடிவிலாற்றல் உடைமை. ஆனாலும் சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கமில்லாத அநாதி, உயிரைச் சிவன் படைக்கவில்லை, முத்தியிலும் பாசத்தில் ஒன்றான ஆணவம் அழியாமல் வலிமை மட்டும் இழந்து கிடக்கும். முடிவில்லாத ஆற்றல், ஆனால் அது ஆக்காத, அழிக்காத பொருள்கள்: இதே கேள்விதான். தான் கொடுத்த வரத்துக்கே சிவன் ஓட வேண்டிவந்த பஸ்மாசுரன் கதை தெரியாத பிள்ளையும் அங்கே இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "அப்ப ஏன் சேர் கடவுள் தடுக்கேல்லை?" என்று கேட்டாள். எதை என்று சொல்லவில்லை, 2009ஐ முள்ளிவாய்க்காலில் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த இடத்தில் யாரும் கேட்கவும் இல்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு சேர் கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விட்டார். அது பாடத்துக்கு வெளியே இல்லை சேர். கடவுள் எல்லாம் வல்லவர், முழுவதும் நல்லவர், ஆனாலும் தீமை இருக்கிறது, இந்த மூன்றையும் சேர்த்து ஒப்ப முடியுமா என்று மெய்யியலாளர் ஜே. எல். மக்கி 1955இல் எழுதிய கட்டுரைக்குள்ளேயே அந்தக் கல் வேறு உருவத்தில் கிடக்கிறது: எல்லாம் வல்லவரால், பிறகு தன்னால் கட்டுப்படுத்த முடியாதவர்களைப் படைக்க முடியுமா? கல்லின் இடத்தில் மனிதர்களை வைத்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை கேட்டது அதைத்தான்.

மகள் தொடர்ந்து போவாள், நானும் போவேன். அடுத்த தவணையில் மக்கிக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள் சேர், அந்த முன்வாங்குப் பிள்ளைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.