பட்ரோன் 1964 மடூரோ: கடைசி அங்குலம் வரை

ஒரு சுருட்டு நல்லதா இல்லையா என்பதை அதன் கடைசி மூன்றில் ஒரு பங்கை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். பற்றவைத்தவுடன் வரும் முதல் இழுப்புகளில் சுமாரான சுருட்டுகூட நன்றாகத்தான் இருக்கும். பாதியைத் தாண்டிச் சூடு ஏறி, எரிந்த பகுதியின் தாரும் ஈரமும் வாய்ப்பக்கம் வந்து சேர்ந்த பிறகும் அந்த ருசி நிற்கிறதா என்பதுதான் விஷயம். பட்ரோன் 1964 ஆனிவர்சரி மடூரோ அங்கே அசராமல் நிற்கிறது. நான் பிடித்ததில் இவ்வளவு நிதானமாக முடிகிற சுருட்டு வேறு இல்லை.

பெயரில் இருக்கும் 1964, கியூபாவிலிருந்து வெளியேறிய ஹோசே ஓர்லாண்டோ பட்ரோன் மயாமியில் தன் கம்பெனியைத் தொடங்கிய வருடம். அது முப்பது வருடம் நிறைந்ததைக் கொண்டாட 1994-ல் இந்த வரிசையைக் கொண்டுவந்தார்கள். மேல் இலை, அதற்கு அடியில் இருக்கும் கட்டு இலை, உள் இலை எல்லாமே நிகராகுவாவில் விளைந்தவை. நான்கு வருடம் வைத்திருந்து பக்குவப்பட்ட புகையிலை. நேச்சுரல், மடூரோ என்று இரண்டு வகை உண்டு. மடூரோவின் மேல் இலை கூடுதல் காலம் நொதித்து, கறுத்து, இனிப்பேறியது. நான் எப்போதும் மடூரோ பக்கம்தான்.

அளவுகளில் எனக்குப் பிடித்தது எக்ஸ்க்ளூசிவோ. ஐந்தரை அங்குல நீளம், 50 ரிங். ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்து அதில் எத்தனை பங்கு தடிமன் என்று சொல்வதுதான் ரிங் கணக்கு. ஆக 50 ரிங் என்றால் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். உருட்டி முடித்த பிறகு அழுத்தி நாலு பக்கமும் தட்டையாக்கியிருப்பார்கள். விரலிடுக்கில் உருளாமல் நிற்கும், உதட்டிலும் பாந்தமாக உட்காரும்.

கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் படுவது எண்ணெய்ப்பசை. கருஞ்சிவப்பு இல்லை, நல்ல கரும்பழுப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இலையின் மேல் ஒரு மினுமினுப்பு ஓடும். நரம்புகள் தடித்துத் தெரியாது. நுனியிலிருந்து அடிவரை மெதுவாக அழுத்திப் பார்த்தேன், எங்கேயும் பள்ளமோ கட்டியோ தட்டுப்படவில்லை. சுருட்டைச் சுற்றி இரண்டு காகிதப் பட்டைகள் இருக்கும். சின்னப் பட்டையில் ஒவ்வொரு சுருட்டுக்கும் தனி எண். இந்தப் பெயரில் போலிகள் நிறைய வருவதால் அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வெட்டும்போது மூடியின், அதாவது வாயில் வைக்கும் முனையை மூடியிருக்கும் இலைத்துண்டின், நுனியில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் போதும். அதற்குக் கீழே போனால் மேல் இலை பிரிந்துவிடும். பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்தேன்: கோகோ, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் மரவாசம். கேஸ் லைட்டரின் சுடரைத் தொடவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, முனை முழுக்கச் சமமாகக் கனியும்வரை சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பெட்ரோல் லைட்டர் வேண்டவே வேண்டாம், அதன் நெடி முதல் பத்து நிமிடத்தைக் கெடுத்துவிடும்.

ஆரம்பத்தில் மிளகு. ஆனால் தொண்டையை அறுக்கும் காரம் இல்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு சுறுசுறுப்பு, அவ்வளவுதான். சீக்கிரமே அது பின்னால் போய், இனிப்பில்லாத கோகோ முன்னால் வருகிறது. புகை கெட்டியானது, வாயை நிறைக்கும். நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட்டுப் பாருங்கள். நாக்குக்கு எட்டாத பாதி ருசி அங்கேதான் கிடைக்கிறது. வறுத்த கொட்டைகளின் வாசம் எனக்கு மூக்கில்தான் பிடிபட்டது.

நடுப்பகுதியில் கடுங்காப்பி. அதற்குள் பாலேடு போல ஒரு வழவழப்பு. இந்த இடத்தில் நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் போகக்கூடாது. அவசரப்பட்டால் எந்தச் சுருட்டும் சூடாகிக் கசக்கும், பிறகு அதன் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. இழுவை சரியாக இருந்தது, எரிவளையம் நேராக இறங்கியது. சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. சாம்பல் நீளத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே முழு நீள இலை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம், சரி. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது என் கட்சி.

அப்புறம் அந்தக் கடைசிப் பங்கு. இதே தடிமனில் வேறொரு பெயர்பெற்ற சுருட்டு, பெயர் வேண்டாம், இந்த இடத்துக்கு வந்ததும் கரித்துண்டைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது. பட்ரோனில் கோகோ இன்னும் கறுத்து டார்க் சாக்லேட் ஆகிறது, ஈரமண் வாசம் ஒன்று சேர்ந்துகொள்கிறது, மிளகு லேசாகத் திரும்பி வருகிறது. பலமும் இங்கேதான் தெரியும். தலை கொஞ்சம் கனக்கும். ஆனாலும் கசப்பு தலைகாட்டவில்லை. விரல் சுடும்வரை கீழே வைக்க மனம் வரவில்லை. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருக்கும்.

இழுப்புக்கு இழுப்பு புதிது புதிதாக எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. மூன்று நான்கு ருசிகளை எடுத்துக்கொண்டு அவற்றையே ஆழமாகச் சொல்கிற சுருட்டு இது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து சுருட்டில் உண்டு. அதனால் இதை நான் எப்போதாவதுதான் எடுக்கிறேன், பழக்கமில்லாத யாரையும் தொடங்கச் சொல்லமாட்டேன். ஏற்கெனவே பிடிக்கிறவர்களுக்கு: வெறும் வயிற்றில் வேண்டாம். வாங்கியதும் பற்றவைக்காமல், 65 சதவீத ஈரப்பதத்தில் ஓரிரு வாரம் ஹியூமிடரில் (ஈரப்பதம் குறையாமல் காக்கும் சுருட்டுப் பெட்டி) வையுங்கள். 70-க்கு மேல் போனால் இந்தத் தடித்த மேல் இலை ஒரு பக்கமாக எரிய ஆரம்பிக்கும், கோகோவும் மங்கிப்போகும்.