ரோட்டில் வண்டி நின்றால் போனில் முதலில் வரும் நம்பரைக் கூப்பிடாதீர்கள், எனக்கு 6,800 ரூபாய் போச்சு

நேற்று வெள்ளிக்கிழமை, அம்மாவைச் சிறுவாச்சூர் மதுரகாளி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா வாங்கிய 1998 மாருதி 800. தொழுதூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வெப்ப முள் சிவப்புக்கு ஏறி பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஓரங்கட்டினேன். மணி ஏழு, நல்ல இருட்டு, அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. பதற்றத்தில் போனில் தேடி, மேலே விளம்பரமாக வந்த '24 மணி நேர ரோட்டோர உதவி' நம்பரைக் கூப்பிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முன்பணம் 1,800 யூபிஐ-யில் போட்டால்தான் ஆள் கிளம்புமாம். போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். இறங்கியதும் அதில் ஒருவன் என்ன செய்தான் தெரியுமா, தன் ஜெர்கினைக் கழற்றிக் கல்லில் விரித்து "அம்மா நீங்க இதுல உக்காருங்க" என்று உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரையும் கொடுத்தான். "அண்ணே, நம்ம வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றான். அம்மா அவனிடம் எந்த ஊர், கல்யாணம் ஆச்சா என்றெல்லாம் கேட்டு, கோயில் குங்குமம்கூடக் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் விழுந்தேன்.

வாட்டர் பம்ப் போய்விட்டதாம், பக்கத்து ஊரில் கடை திறந்திருக்காம், 5,000 கொடுத்தால் வாங்கி வருவானாம். அதையும் அவன் சொந்த நம்பருக்கே அனுப்பினேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார்கள். "அண்ணே நீங்க உள்ள உக்காந்து நான் சொல்றப்ப ஆக்சிலேட்டர் மிதிங்க" என்றான். பானட் தூக்கி நிற்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. 20 நிமிஷத்தில் முடிந்தது என்றான். பம்ப் மாற்றணும் என்றால் மிச்சத் தண்ணீரை வடிக்கணும், பெல்ட்டைக் கழற்றணும், 20 நிமிஷ வேலையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

8 கிலோமீட்டர் போயிருப்போம், மறுபடி ஆவி. அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். அப்போது எங்களைப் பார்த்து நிறுத்தியவர் ஒரு நாமக்கல் லாரி டிரைவர். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து டார்ச் அடித்துக் காட்டினார். பம்ப்பில் பழைய துரு அப்படியே இருக்கிறது, போல்ட் மேல் படிந்த தூசிகூடக் கலையவில்லை. கிழிந்திருந்தது ரேடியேட்டரின் மேல்பக்க ஹோஸ், அதாவது தண்ணீர் போகும் ரப்பர் குழாய், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பக்கத்தில். அதன் மேல் கரண்ட் வேலைக்குச் சுற்றும் கருப்பு டேப்! இதற்குத்தான் 6,800 ரூபாய்.

அந்த அண்ணன் கிழிந்த நுனியை பிளேடால் ஒரு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச ஹோஸை இழுத்து மாட்டி கிளாம்பை இறுக்கினார். அதன் மேல் சைக்கிள் ட்யூபைக் கீறி இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினார். தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி, அழுத்தம் ஏறாமல் இருக்க ரேடியேட்டர் மூடியை முழுசாக இறுக்காமல் கொஞ்சம் தளர்த்தியே விட்டார். "நாப்பதுக்கு மேல போகாதீங்க, பத்துப் பத்து கிலோமீட்டருக்கு நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணி பாருங்க" என்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. மிச்ச தூரத்தையும் அப்படியே உருட்டி, இரவு ஒன்றரைக்கு வீடு சேர்ந்தோம்.

இன்று காலையிலிருந்து அந்த நம்பரோடு மல்லுக்கட்டுகிறேன். முதலில் பேசிய பெண் புகார் எண் தருவதாகச் சொல்லிப் பாட்டு போட்டுவிட்டுப் போனார், திரும்ப வரவே இல்லை. அடுத்தவர், "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல சார், பார்ட்னர்" என்கிறார். 1,800 வெறும் புக்கிங் கட்டணமாம், 5,000 எனக்கும் மெக்கானிக்குக்கும் உள்ள விஷயமாம், பில் இருந்தால் அனுப்பணுமாம். பில் யார் கொடுத்தது? மூன்றாவது ஆள், "பழைய வண்டி சார், ஒண்ணு மாத்துனா இன்னொண்ணு போகத்தான் செய்யும்" என்றார். எதை மாற்றினீர்கள் என்று கத்தினேன், வைத்துவிட்டார். மதியம் வாட்ஸ்அப்பிலும் பிளாக். 6,800 ரூபாய்! எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டேன், புது ஹோஸ் முந்நூறுக்குள் முடியுமாம்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. தேசிய நெடுஞ்சாலை என்றால் முதலில் நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033-ஐக் கூப்பிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். மெக்கானிக் வண்டிக்குள் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் 5 லிட்டர் தண்ணீர், ட்யூப் துண்டு, இரண்டு கிளாம்ப் டிக்கியில் போட்டு வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். தொழுதூர், வேப்பூர் பக்கம் இதே மாதிரி ஜெர்கின் விரித்து உட்கார வைத்தவனிடம் யாராவது ஏமாந்திருந்தால் கீழே எழுதுங்கள்.