ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் கொண்டோ தேடுகிறீர்களா? என் 4,700 டொலர் போன கதை

4,700 டொலர். ரொறன்ரோவில் ஏரிக்கரையோரம் ஒற்றைப் படுக்கையறைக் கொண்டோ (அடுக்குமாடி வீடு) தேடுகிற எங்கட ஆட்கள் யாராக இருந்தாலும், காசு அனுப்ப முன் இதை வாசித்துவிடுங்கள். கை நடுங்க எழுதுகிறேன், பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்காபரோவிலிருந்து டவுன்டவுனுக்கு வேலைக்குப் போகிறவள். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்டி ரயில் தடம்புரண்டு ஒரேயடியாக நின்றதிலிருந்து, பஸ்ஸும் சப்வேயும் மாறி விடியக்காலை ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. அதனால்தான் ஏரிக்கரையோரத் தெருவான குயின்ஸ் கீ பக்கம் வீடு பார்த்தேன். புதுக் கட்டடம் வேண்டாம், பழைய கட்டடத்தில் உள்ளே புதுப்பித்த வீடுதான் வேண்டும் என்று இருந்தேன். ஒன்ராறியோவில் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு வாடகை உயர்வு வரம்பு கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் நினைத்தபடி கூட்டலாம். பழையதென்றால் அரசாங்கம் சொல்லும் வீதம்தான், 2025இல் அது 2.5 வீதம்.

எல்லாரும் பாவிக்கிற ஒரு இலவச விளம்பரத் தளத்தில்தான் இந்த வீடு வந்தது. மாதம் 2,100. அந்தப் பக்கத்து வாடகையைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் சந்தேகம் வருகிற மாதிரி மலிவில்லை. என் பெயரைப் பார்த்ததும் விளம்பரம் போட்ட ஆள் தமிழில் கதைத்தான். வீடு அம்மாவின் பெயரில் இருக்கிறதாம், தான்தான் பார்த்துக்கொள்கிறானாம்.

லொபியில் எனக்காகக் காத்திருந்தான். கையில் ஃபோப், கதவு திறக்கிற மின்னணுத் திறப்பு. தட்டினான், உள்கதவு திறந்தது. லிஃப்டில் தட்டினான், மாடிக்குப் போனது. வாசல் மேசையில் இருக்கிற கொன்சியேர்ஜுக்குத் தலையாட்டினான், அவரும் ஆட்டினார். இதற்குமேல் ஒரு மனுசிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வீடு உண்மையிலேயே வடிவு. வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை, புது அலமாரிகள், பல்கனியில் நின்றால் தீவுக்குப் போகிற ஃபெரி தெரியும். அடுப்பின் முகப்பில் நீல நிறப் பாதுகாப்புத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. கதைத்துக்கொண்டே அதை என் கண்முன்னால் மெல்ல மெல்ல உரித்து, சுருட்டிப் பொக்கெற்றில் வைத்தான். "நீங்கதான் இதில முதன்முதலாச் சமைக்கப்போற ஆள், அக்கா." அந்த இடத்தில்தான் என் மனம் விழுந்தது. நடிப்பென்றால் இதுதான் நடிப்பு. ஃபிரிட்ஜில் வைஃபை கடவுச்சொல் எழுதிய அட்டை, கட்டிலில் சுருட்டி வைத்த துவாய்கள். ஏன் என்று கேட்டேன். விளம்பரப் படம் எடுக்க வைத்ததாம்.

ஒப்பந்தம் மாகாண அரசாங்கத்தின் வழமையான வாடகைப் படிவத்தில், ஒரு வெற்றிடம் விடாமல் நிரப்பியிருந்தது. முதல் மாதமும் கடைசி மாதமும் 4,200, சேத வைப்பு 500. என் வங்கியில் நாளொன்றுக்கு 3,000தான் அனுப்பலாம். "பரவாயில்ல அக்கா, மிச்சத்த நாளைக்குப் போடுங்கோ" என்று அவ்வளவு பொறுமையாகச் சொன்னான். இரவு 3,000, காலையில் 1,700. "கிடைச்சிட்டுது. முதலாந் தேதி திறப்பு தாறன்."

முதலாந் தேதி வான் வண்டியில் கட்டிலையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய் நின்றேன். போன் ஓஃப். அன்று மேசையில் வேறொரு கொன்சியேர்ஜ். "லிஃப்ட் புக்கிங் இருக்கிறதா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. குடிவருகிறவர்கள் சாமான் ஏற்ற லிஃப்டை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமாம். இல்லை என்றேன். வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். அது நாள்கணக்கில் வாடகைக்கு விடுகிற வீடாம், இப்போதும் உள்ளே ஆட்கள் இருக்கிறார்களாம். அவனும் அப்படி ஓரிரு நாளைக்கு எடுத்துத்தான் எனக்குக் காட்டியிருக்கிறான். உண்மையான வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டால் தனியுரிமை என்றார். பெட்டிகள் வழியை மறிக்கின்றனவாம், வெளியே எடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிச்சல். வங்கியில் ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம்" என்றார்கள். அவன் ஓட்டோ-டெபொசிட் போட்டிருந்ததால் அனுப்பிய உடனேயே அவன் கணக்கில் விழுந்துவிட்டதாம், நிறுத்த வழியில்லையாம். அப்படியானால் அந்தக் கணக்கு யாருடையது என்று சொல்லுங்கள் என்றேன். முடியாதாம். விளம்பரத் தளத்திலிருந்து, என் பாதுகாப்பே தங்களுக்கு முதன்மை என்று ஒரு தானியங்கிப் பதில். விளம்பரத்தை எடுத்தார்கள். அதே படங்களோடு, வேறு பெயரில் அது திரும்பவும் வந்திருக்கிறது! நாள்வாடகைச் செயலிக்காரர்களோ, நான் அவர்களின் வாடிக்கையாளர் இல்லை என்று கதையை முடித்தார்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டாயிற்று, கனடிய மோசடித் தடுப்பு நிலையத்துக்கும் அறிவித்தாயிற்று. கையில் முறைப்பாட்டு இலக்கம் இருக்கிறது, 4,700 டொலர் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன். இப்போது தலை வேலை செய்யவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காசு கொடுக்க முன் கட்டட நிர்வாகத்துக்கு நீங்களே போன் எடுத்து, இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு லிஃப்ட் பதிவு செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பொய்யென்றால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்ராறியோ காணிப் பதிவுகளைப் பார்க்கிற ஒன்லேண்ட் இணையத்தளத்தில் கட்டணம் கட்டினால் வீடு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். அந்தப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையும் ஒத்துவர வேண்டும், அம்மா வீடு ஆட்டுக்குட்டி வீடு என்று யாராவது சொன்னால் அந்த அம்மாவோடு கதைக்கக் கேளுங்கள். பிறகு, சேத வைப்பு என்று ஒன்றை ஒன்ராறியோவில் வாடகைக்காரரிடம் கேட்பதே சட்டப்படி பிழை. வாடகை வைப்பென்று கடைசி மாத வாடகையை மட்டும்தான் வாங்கலாம். யாராவது அந்த 500ஐக் கேட்டால் அப்படியே எழும்பி வந்துவிடுங்கள்.