தண்டனை அதிகம் என்று மேல்முறையீடு: கணக்கைத் தாக்குவதா, வருஷத்தைத் தாக்குவதா?

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தில் போதைப்பொருள் விற்றதற்கும், கூடவே துப்பாக்கி வைத்திருந்ததற்கும் தண்டனை பெற்றவர்களின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இத்தனை வருஷம் நியாயமா?" என்பதுதான். எந்தக் குற்றத்துக்கு எத்தனை மாதம் என்று வரம்பு சொல்லும் தண்டனை வழிகாட்டி நெறிகள் ஆலோசனை மட்டுமே, நீதிபதியைக் கட்டிப்போடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் புக்கர் வழக்கில் சொன்னது. அதிலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்ப்பதும் தண்டனை நியாயமானதா என்பதைத்தான். ஆனால் அங்கே போய்ச் சேர இரண்டு வழி. தண்டனையைக் கணக்கிட்ட முறையில் பிழை என்று சொல்லலாம். இல்லையென்றால், முறை சரியாக இருந்தாலும் இத்தனை வருஷம் அளவுக்கு மீறியது என்று சொல்லலாம். வீட்டாரின் மனசில் இருப்பது இரண்டாவது. என் கருத்தில், மனுவில் முன்னால் நிற்க வேண்டியது முதலாவது.

காரணம் வழிகாட்டி அட்டவணையிலேயே இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள், பழைய குற்றப் பதிவுக்கு 6 பிரிவுகள். படி 26, பதிவில் முதல் பிரிவு என்றால் 63 முதல் 78 மாதம். போதை வழக்கில் ஆயுதம் இருந்தது என்று இரண்டு படி கூட்டினால், 78 முதல் 97 மாதம். அந்த இரண்டு படியைக் கூட்டியது சரியா என்று கேட்க இடமிருக்கிறது. கைதானவரின் வீட்டு அலமாரியில் குண்டு போடாத வேட்டைத் துப்பாக்கி ஒன்று கிடந்தால் அதற்காகக் கூட்டக்கூடாது என்று நெறிகளின் விளக்கவுரையே உதாரணம் சொல்கிறது. போதைக் குற்றத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தனிக் குற்றச்சாட்டில் தண்டனை கொடுத்துவிட்டு, அதே துப்பாக்கிக்காகப் போதைக் குற்றத்திலும் இரண்டு படி ஏற்றுவதும் கூடாது. இப்படி விரல் வைத்துக் காட்டக்கூடிய பிழைக்கு நீதிபதிகள் காது கொடுப்பார்கள். கீழ்நீதிமன்றத்தில் ஆட்சேபிக்காமல் விட்டிருந்தால், மேல்முறையீட்டில் நிரூபிக்க வேண்டிய பாரம் ஏறும்தான். ஆனாலும் தவறான வரம்பிலிருந்து தொடங்கியதே பெரும்பாலும் பாதிப்பைக் காட்டப் போதும் என்று 2016இல் மொலினா-மார்ட்டினெஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது.

இந்த வழிக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. "கணக்கு தப்பாக இருந்தாலும் இதே தண்டனையைத்தான் கொடுத்திருப்பேன்" என்று நீதிபதி பதிவு செய்திருந்தால், பிழையால் பாதிப்பில்லை என்று மேல்நீதிமன்றம் நகர்ந்துவிடலாம். தீர்ப்பு நாளின் எழுத்துப் பதிவில் முதலில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது, "தண்டனையே அளவுக்கு மீறியது" என்ற வாதம். வழிகாட்டி வரம்புக்குள் வந்த தண்டனை நியாயமானது என்றே மேல்நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது 2007இன் ரீட்டா தீர்ப்பு. வரம்புக்கு உள்ளேயோ வெளியேயோ, நீதிபதி தன் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றது அதே வருஷம் வந்த கால் (Gall) வழக்கின் தீர்ப்பு. அவர் இடத்தில் நான் இருந்தால் குறைவாகக் கொடுத்திருப்பேன் என்பதற்காக மேல்நீதிபதி கை வைக்க முடியாது.

கிம்பரோ வழக்கைப் பாருங்கள். கிராக் கோகெய்னும் துப்பாக்கியும் சேர்ந்த வழக்கு. வழிகாட்டி வரம்பு 228 முதல் 270 மாதம். ஒரு கிராம் கிராக்கை நூறு கிராம் தூள் கோகெய்னுக்குச் சமமாக எண்ணிய அன்றைய 100க்கு 1 என்ற விகிதம் அநியாயம் என்று கருதிய மாவட்ட நீதிபதி, சட்டம் அனுமதித்த குறைந்தபட்சமான 180 மாதத்தோடு நிறுத்தினார். மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் நீதிபதியின் பக்கம் நின்றது. நீதிபதியின் முடிவுக்குக் கொடுத்து கிம்பரோவைக் காப்பாற்றிய அந்த மரியாதைதான் கடுமையான நீதிபதியின் தண்டனையையும் காக்கிறது. இந்த வாதம் லேசில் ஜெயிக்காததன் காரணம் அங்கே இருக்கிறது. அந்த 180 மாதத்தில் துப்பாக்கிக்கான 60 மாதம் சட்டம் கட்டாயமாக்கியது, மற்றதோடு சேர்த்துத் தொடர்ச்சியாக அனுபவிக்க வேண்டியது. நியாயம் பேசி அதை யாரும் தொட முடியாது.

அதற்காக இந்த வாதத்தைக் கைவிட வேண்டாம். குறைந்த தண்டனை கேட்டு வாதாடியிருந்தாலே போதும், தனியாக ஆட்சேபிக்காவிட்டாலும் மேல்முறையீட்டு உரிமை நிற்கும் என்று ஓல்கின்-ஹெர்னான்டஸ் வழக்கில் 2020இல் வழி திறந்தது. சேர்த்துப் போடுங்கள், இரண்டாவதாக.

மேல்முறையீடு செய்தால் தண்டனை கூடிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கிரீன்லா என்பவருக்கும் போதை, துப்பாக்கிக் குற்றங்கள்தான், 442 மாதம். அவர் மேல்முறையீடு செய்யப்போக, மேல்நீதிமன்றம் தானாகவே 180 மாதத்தைக் கூட்டியது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யாதபோது அப்படிக் கூட்டக்கூடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. சரி, அப்புறம் அவகாசம்: தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாள்தான். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறாரா என்பதையும் அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

கணக்குப் பிழையில் ஜெயித்தால் வழக்கு பெரும்பாலும் மறுபடி அதே நீதிபதியிடம் போகும். போதை வழக்கில் தண்டனை பெற்ற பெப்பர், இடையில் போதையை விட்டு, கல்லூரியில் சேர்ந்து, நல்ல வேலையிலும் இருந்தார். மறுதண்டனை விதிக்கும்போது அதையெல்லாம் நீதிபதி கணக்கில் எடுக்கலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே இருப்பவர் படித்த சான்றிதழ், வேலை செய்த பதிவு எல்லாவற்றையும் வீட்டார் இன்றே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்கலாம்.