மாக்ஸிமிலியன் சூரியகாந்தி: செடிக்கு நாலு நட்சத்திரம், பாக்கெட்டுக்கு ஒன்று

ஆன்லைனில் 149 ரூபாய், பாக்கெட்டில் 20 விதை. வருடா வருடம் விதைக்க வேண்டாம், வேர் மண்ணுக்குள் கிடந்து தானே தழைக்கும் என்றதால் ஆசைப்பட்டு வாங்கினேன். "10 நாளில் முளைக்கும்" என்று அட்டையில் போட்டிருந்தது, சரி என்று பாதியைத் தொட்டியில் போட்டால் ஒரு மாதமாகியும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விற்றவர்களிடம் கேட்டதற்கு, தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள் என்று பதில்.

விஷயம் அதுவல்ல. இது வட அமெரிக்கப் புல்வெளிச் செடி (1832 முதல் 1834 வரை அங்கே சுற்றிய ஜெர்மன் இளவரசர் ஒருவரின் பெயர்தான் இதற்கு), குளிரில் கிடந்தால்தான் விதை ஒழுங்காக முளைக்கும். தோவாளையில் குளிருக்கு எங்கே போக? மீதிப் பத்தை ஈர மணலோடு டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் வைத்தேன். அம்மா இரண்டு தடவை குப்பையில் கொட்டப் பார்த்தார். ஏழு முளைத்தன. இந்த ஒரு வரியை அட்டையில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

முதல் வருடம் முழங்கால் உயரம், பூ இல்லை. இந்த வருடம் ஆறடி தாண்டியது. இலை ஒல்லியாக, நடுநரம்பில் மடிந்து, தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அப்புறம் வந்தது ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி முப்பந்தல் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும், ஒரே ராத்திரியில் நாலு செடி தரையில். தப்பு என்னுடையதுதான், அந்த நாலுக்கும் சாணியும் ஆட்டுப்புழுக்கையும் அள்ளிப் போட்டிருந்தேன், தண்டு மளமளவென்று வளர்ந்து நிற்கத் தெம்பில்லாமல் போயிற்று. செடியின் சொந்தப் புல்வெளியில் என்றால் சுற்றிலும் உயரமான புல் தாங்கிப் பிடிக்கும். வேலியோரம் உரமில்லாமல் கிடந்த மூன்றும் அப்படியே நின்றன. அடுத்த தடவை வைகாசியிலேயே நுனியைக் கிள்ளிவிடுவேன், உயரமும் குறையும்.

புரட்டாசியில் பூத்தது. ஒரே பெரிய தலை இல்லை, தண்டின் மேல்பாதி முழுக்க இலைக்கக்கத்தில் மூன்று அங்குல மஞ்சள் பூக்கள். தோவாளைச் சந்தைக்குப் பிச்சி கொண்டுபோகும் பக்கத்து வீட்டு அக்கா ஒன்றைப் பறித்து உருட்டிப் பார்த்து, "மாலைக்கு ஆவாது தம்பி, நம்ம கேந்தி மாதிரி தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

தூரில் இப்போதே புதுக் குருத்து விட்டிருக்கிறது, விட்டால் பாத்தியையே பிடித்துவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள் பாக்கெட் வாங்க வேண்டாம், மாசியில் வேரைப் பிரிக்கும்போது வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.