ஒன்பது கொழுவா, பதினொன்றா: 45 எச்.பி. டிராக்டருக்கு வாங்கிய கலப்பையும் ரோட்டவேட்டரும்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் சாலையில் உள்ள ஒரு வேளாண் கருவிக் கடையில், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் எங்கள் 45 எச்.பி. டூ வீல் டிரைவ் டிராக்டருக்காக ஒன்பது கொழு (மண்ணைக் கீறும் இரும்பு முனை) ஸ்பிரிங் கலப்பை ஒன்றும், சுழலும் கத்திகளால் மண்ணைத் தூளாக்கும் ஐந்தடி ரோட்டவேட்டர் ஒன்றும் வாங்கினோம். கோடை உழவு, ஆடிப்பட்ட நிலக்கடலை, அதன் பின் கொள்ளு விதைப்பு என்று எல்லா வேலையிலும் இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். காரிமங்கலம், பாலக்கோடு வட்டாரத்துச் சரளை கலந்த செம்மண்ணில் கிடைத்த அனுபவம் இது என்பதை மனத்தில் வைத்துப் படிக்கவும்; கரிசலிலும் களிமண்ணிலும் இழுவை அதிகம் என்பதால் அங்கே கணக்கு மாறும்.

கடையில் பொருள் நன்றாக இருந்தது. ஆலோசனைதான் அரைகுறையாக இருந்தது. விற்பனையாளர் கேட்ட ஒரே கேள்வி டிராக்டர் எத்தனை எச்.பி. என்பது. விடையைக் கேட்டதும், "நாப்பத்தஞ்சுக்குப் பதினொன்னு தாராளமா இழுக்கும் அண்ணா, ஒவ்வொரு சாலுக்கும் ரெண்டு கொழு மிச்சம்" என்று பெரிய கலப்பையைக் காட்டினார். மண் என்ன மண், டயர் எந்த நிலையில் இருக்கிறது, நிலம் சமமா சரிவா, பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்று அவர் எதையும் கேட்கவில்லை. இந்த வட்டாரத்தில் நான் ஏறி இறங்கிய மற்றக் கடைகளிலும் இதே நிலைதான்.

எஞ்சினை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரியே. நடுத்தரச் செம்மண்ணில் ஐந்து, ஆறு அங்குல ஆழத்தில் ஒரு கொழுவுக்கு ஏறத்தாழ 80 கிலோ இழுவிசை தேவை என்று வைத்துக்கொண்டால், ஒன்பதுக்கு 720 கிலோவும் பதினொன்றுக்கு 880 கிலோவும் ஆகும். இழுவிசையை நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் டிராக்டரின் பின்கொக்கியில் தேவைப்படும் குதிரைத்திறன் (எச்.பி.) கிடைக்கும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்பதுக்கு 13-ஐச் சற்றே தாண்டும். பதினொன்றுக்கு 16-ஐத் தொடும். 45 எச்.பி. எஞ்சினுக்கு இது பெரிய சுமையே அல்ல.

சிக்கல் டயரில் இருக்கிறது. இந்த வகை டிராக்டர் 1,900 கிலோ அளவில் எடையுள்ளது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரத்தின் மேல் விழுகிறது. மாட்டிய கருவியின் எடையும், உழும்போது பின்பக்கம் சாயும் பாரமும் சேர்ந்தால் பின்டயர்கள் தாங்குவது 1,500 கிலோ சொச்சம். கெட்டியான மண்ணில் அதில் ஏறக்குறைய பாதியை இழுவிசையாக மாற்ற முடியும். ஒரு முறை உழுத புழுதியில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். ஆகவே எஞ்சினில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், 750 கிலோவைத் தாண்டும்போது சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. ஒன்பது கொழுவே இந்த எல்லைக்கு அருகில் நிற்கிறது.

இதைச் சோதிக்கப் பங்காளி ஒருவரின் பதினொரு கொழுக் கலப்பையை இரவல் வாங்கி, அதே நிலத்தில் அதே கியரில் ஓட்டினோம். பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று முதலில் அளந்தோம். 40 மீட்டர் வந்தது. ஒன்பதை இறக்கி உழுதபோது அதே பத்துச் சுற்றில் 35 மீட்டர், அதாவது பன்னிரண்டரை சதவீத வழுக்கல். பதினொன்றில் 31 மீட்டர்தான் போனது. வழுக்கல் 22 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. டூ வீல் டிரைவ் டிராக்டருக்கு 10 முதல் 15 சதவீத வழுக்கல் சரியான அளவு. அதற்குக் கீழே போனால் தேவைக்கு மேல் எடையைச் சுமந்து திரிகிறோம். மேலே போனால் டீசலையும் டயரையும் மண்ணில் தேய்க்கிறோம்.

அகலத்தில் பதினொன்று ஒன்பதைவிட 22 சதவீதம் பெரிது. ஆனால் வழுக்கலைக் கழித்தால் உழுத பரப்பில் கிடைத்த லாபம் எட்டு சதவீதத்துக்கு மேல் வரவில்லை. அந்த எட்டும் முழுமையாக நம் கணக்கில் சேராது. சுமை கூடியதும் ஹைட்ராலிக்கின் டிராஃப்ட் கண்ட்ரோல் தானாகவே கலப்பையைச் சற்றுத் தூக்கிவிடுவதால், ஆறு அங்குலம் போக வேண்டிய கொழு நான்கிலேயே மேய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு நிலம் உழுதது போலவே தெரியும். வாடகைக்கு மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு இதில் நட்டமில்லை. பணம் கொடுப்பவர் கம்பியைக் குத்தி ஆழத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சுண்ணாம்பும் நாடாவும் இல்லாதவர்கள் டயர் விட்ட தடத்தைப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். தடத்தின் இரு ஓரங்களிலும் பட்டை அச்சு தெரிந்து, நடுப்பகுதி மட்டும் கலைந்திருந்தால் வழுக்கல் சரியாக இருக்கிறது. அச்சே இல்லாமல் முழுவதும் அரைபட்டுக் கிடந்தால் கருவி பெரிது, அல்லது பின்பக்க எடை போதாது.

எடையைக் கூட்டப் பின்டயரில் தண்ணீர் நிரப்பும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. வால்வை மேலே வைத்து முக்கால் அளவு நிரப்பினால் ஒரு டயருக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடும். கோடை உழவுக்கு அது கைகொடுத்தது. ஆனால் எங்களைப் போல உழவு முடிந்ததும் அதே வண்டியில் டிரெய்லர் மாட்டி மாங்காய் ஏற்றுபவர்கள் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கூழ் ஆலை வரை சுமக்க வேண்டும். டிரெய்லருக்காக ஏற்றிய காற்றழுத்தத்தை உழவுக்கு முன் 12 முதல் 14 பி.எஸ்.ஐ.க்குக் குறைப்பது அதைவிட எளிது, செலவும் இல்லை. இந்த ஊரில் பத்தில் ஒருவர்கூட அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் சரிவான கொல்லை வைத்திருப்பவர்களுக்கு ஒன்பதே அதிகமாகலாம். நூறடிக்குப் பத்தடி ஏறும் நிலத்தில், டிராக்டரும் கருவியும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இருநூறு கிலோவுக்கு மேல், வண்டி தன்னையே மேலே இழுத்துக்கொள்ளச் செலவாகிறது. இரண்டரைக் கொழுவின் இழுவிசை அங்கேயே போய்விடும். இதற்காக ஓரத்துக் கொழுக்களைக் கழற்றி ஏழாக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏழு கொழுவின் அகலம் டயர்களின் வெளி அகலத்துக்குப் போதாமல், தடம் அழுந்தியபடியே நின்றுவிடும். சரிவில் குறுக்காக உழுவதும் ஆழத்தைக் குறைப்பதுமே அங்கே சரியான வழி. ஓசூர், தளி பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு சிறு கழிவு உண்டு: டர்போ இல்லாத எஞ்சின் உயரம் 300 மீட்டர் கூடும்போது ஏறத்தாழ மூன்று சதவீதத் திறனை இழக்கும், ஓசூர் 900 மீட்டர் அளவில் இருக்கிறது.

அந்த இழப்பு கலப்பையைவிட ரோட்டவேட்டரில்தான் தெரியும், ஏனென்றால் ரோட்டவேட்டரின் கணக்கே வேறு. அதன் கத்திகள் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுவதால் வண்டியை முன்னால் தள்ளுகின்றன. டயரின் பிடிப்பு அங்கே பெரிய கேள்வியல்ல, பி.டி.ஓ. (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பின்தண்டு) வழியாக வரும் திறனே எல்லை. 45 எச்.பி. எஞ்சினிலிருந்து பி.டி.ஓ.வுக்கு 38 எச்.பி. அளவில் வந்து சேரும். ஐந்தடி ரோட்டவேட்டரை எங்கள் டிராக்டர் தாழ்ந்த கியரில் புகை கக்காமல் ஓட்டியது. ஆறடியை நிலக்கடலைக் கொல்லையில் மேலாக ஓட்டலாம். கரும்புக் கட்டை உள்ள நிலத்தில் எஞ்சின் திணறும், ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார், பி.டி.ஓ.வின் நிமிடத்துக்கு 540 சுற்று குறைந்து மண் கட்டியாகவே விழும். கலப்பைக்கு அகலத்தை டயரைப் பார்த்தும், ரோட்டவேட்டருக்கு அகலத்தை பி.டி.ஓ.வைப் பார்த்தும் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எச்.பி. எண்ணைச் சொல்லி விற்பதுதான் கடைக்காரர்களின் பழக்கம்.

ரோட்டவேட்டரைப் பற்றி என் குறை அளவில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது. சரளையில் கத்தி விரைவில் தேய்கிறது. செம்மண்ணை மாவாக அரைத்துவிட்டால், அடுத்த மழையில் மேற்பரப்பு ஓடு கட்டி, கேழ்வரகு போன்ற சிறு விதைகள் முளைத்து வரத் திணறுகின்றன. தக்காளிப் பாத்திக்கும் மல்பெரி நடவுக்கும் அது பொருத்தம். மானாவாரிக்கு ஒன்பது கொழுவே போதும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுது அடியில் இறுகிப்போன நிலத்துக்கு, மூன்றாண்டுக்கு ஒரு முறை உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் 40 சென்டிமீட்டர் ஆழம் வரை விட வேண்டும். அதை ஒற்றைக் கொழுவாக இழுக்க இந்த டிராக்டரே போதும்.

பதினொரு கொழு யாருக்கு என்றால், 50 எச்.பி.க்கு மேல், 2,200 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள டிராக்டருக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கும் என்பேன். புது டிராக்டர் வாங்குபவர்கள் விளம்பரத் தாளை விட்டுவிட்டு, புத்னி மத்தியப் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் போன்றவை வெளியிடும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கட்டும், பி.டி.ஓ. திறனும், 15 சதவீத வழுக்கலில் அந்த மாடல் எத்தனை கிலோ இழுத்தது என்பதும் அதில் இருக்கும். சிமென்ட் தளத்தில் அளந்த எண் என்பதால் கொல்லையில் அதைவிடக் குறையும். ஆனாலும் இரண்டு மாடல்களை ஒப்பிட அது போதும்.

கலப்பையின் தரத்தில் எனக்குத் திருப்தி. கல்லில் மோதிய கொழு ஸ்பிரிங்கில் பின்வாங்கித் தாண்டிவிடுகிறது. முனை தேய்ந்ததும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங் போல்ட்டுகள் முதல் உழவிலேயே தளர்ந்தன. இறுக்கிய பின் தொல்லை இல்லை. மானியம் வேண்டுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையின் பட்டியலில் அந்த மாடல் உள்ளதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடவும். உள்ளூர்ப் பட்டறைக் கலப்பை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், பட்டியலில் இல்லையென்றால் மானியம் கிடைக்காது. ரசீது கொடுத்த பிறகு கடைக்காரர்கள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.