ஏழு இரவு, ஐந்து துறைமுகம்: ஊர் சுற்றும் ஏற்பாட்டை நாங்களே செய்துகொண்ட கப்பல் பயணம்

கப்பலில் ஏறிய அன்று சாயங்காலம் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, வந்தவர்களைக் கணக்கெடுத்து, உயிர்காப்புச் சட்டையை எப்படிப் போடுவது என்று காட்டினார்கள். அம்மா என் காதருகே குனிந்து, "பெரட்டுக்கு நிக்கிற மாதிரி இருக்கு புள்ள" என்றார். விடியுமுன் தோட்டத்து ஆபீஸ் வாசலில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவர் அவர். மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டங்களில் முப்பது வருஷ வேலை, இப்போது வயது 73. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கதையைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தார். அதனால்தான் கப்பல் பயணம் என்று நாங்கள் பேச்செடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "படுக்க இடம் குடுப்பாங்களா?"

மே மாதக் கடைசிப் பள்ளி விடுமுறையில் போய் வந்தோம். நான், என் கணவர், படிவம் 4 படிக்கும் மகள், ஆண்டு 5 படிக்கும் மகன், அம்மா, ஆக ஐந்து பேர். பார்சலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவித்தாவெக்கியா, சிசிலியின் பாலெர்மோ, மால்டாவின் வல்லெட்டா என்று போய், ஒரு நாள் முழுக்கக் கடலில் கழித்துவிட்டு மறுபடி பார்சலோனா. திரும்பி வந்ததிலிருந்து பள்ளி ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். வயதானவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள், எவ்வளவு செலவானது, கப்பல்காரர்களின் சுற்றுலா எடுக்காமல் எப்படித் துணிந்தீர்கள் என்று. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் கப்பலைப் பற்றி. பெட்டியை ஒரே தடவைதான் பிரிக்கிறோம். அம்மாவின் மாத்திரை டப்பா ஏழு நாளும் ஒரே மேசையில் இருந்தது. ராத்திரி தூங்கி எழுந்தால் வேறு ஊர். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைவிட வசதியான ஐரோப்பியப் பயணம் எனக்குத் தெரிந்து இல்லை. அறைகள் சுத்தம். காலைப் பசியாறலுக்குக் குறைவே இல்லை. ராச்சாப்பாட்டில்தான் சைவக்காரர்கள் கொஞ்சம் திண்டாடுவார்கள். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுத்தோம், ஏறிய அன்றும் மறுபடி சொன்னோம். அதற்குப் பிறகுதான் மூன்றாம் நாள் பருப்பும் சோறும் மேசைக்கு வந்தன. அதுவரை பாஸ்தாவும் அம்மா கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயும்தான். ஊறுகாய், பொடி வகைகளை எடுத்துப் போகலாம். இறைச்சி, பால் கலந்த பொருள்களை ஐரோப்பாவுக்குள் கொண்டு போகாதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. சின்ன ரைஸ் குக்கரும் வேண்டாம். எங்களுடையதை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள். சூடாகும் சாமான் எதையும் அறையில் வைக்க விடுவதில்லை. நம் மூன்று முனை பிளக்கும் அங்கே பொருந்தாது, அடாப்டர் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒரு விஷயத்தில் நான் வருந்துகிறேன். காசை மிச்சம் பிடிக்கப் போய் ஜன்னல் இல்லாத உள் அறைகளை எடுத்துவிட்டோம். விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. காலை நாலு மணிக்கு எழுந்தே பழகிய அம்மாவுக்கு விடிந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. முதல் இரண்டு நாளும் சேலையை உடுத்திக்கொண்டு கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்னை எழுப்ப மனமில்லாமல். மூன்றாம் நாளிலிருந்து நான் அலாரம் வைத்து எழுந்து, அவரை மேல்தளத்துக்குக் கூட்டிப் போய்ச் சூரியன் வருவதைக் காட்டினேன். வயதானவர்கள் வந்தால் ஜன்னல் அறையே எடுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாகவே கணக்கில் ஏறுகிறது. எங்கள் கப்பலில் ராச்சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீருக்கும் காசு. இணையமும் தனி. இவற்றையெல்லாம் கூட்டி, விமான டிக்கெட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்களுக்குக் கப்பலைவிட விமானத்துக்குத்தான் அதிகம் போனது.

இனி ஊர் சுற்றல். ரோமுக்குக் கப்பல்காரர்கள் வெறும் பஸ் மட்டும், வழிகாட்டிகூட இல்லாமல், ஆளுக்கு 75 யூரோ கேட்டார்கள். ஐந்து பேருக்கு 375. நாங்கள் செய்தது இதுதான். கப்பல் அருகிலேயே துறைமுகத்தின் இலவச பஸ் நிற்கிறது. அது லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து ரயில் நிலையம் கடலோரமாக நடக்கும் தூரம், அம்மாவுக்காக நாங்கள் டவுன் பஸ் பிடித்தோம். நிலையத்தில் பிர்க் என்ற ஒரு நாள் டிக்கெட் கிடைக்கிறது. போக, வர ரயில், ரோமில் மெட்ரோ, பஸ் எல்லாம் அதிலேயே அடக்கம். ஆளுக்கு 12 யூரோ கொடுத்தோம். ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள மெஷினில் முத்திரை குத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ரயில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். கோலாலம்பூர் போக ஈ.டி.எஸ். ரயில் ஏறிப் பழகியவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

ரோமுக்குள் போகாமல், அதற்கு முன்னால் வரும் சான் பியெத்ரோ நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள். வாசலுக்கு வந்தாலே தூயபேதுரு தேவாலயத்தின் கோபுரம் தெரியும், பத்து நிமிஷ நடை. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, பரிசோதனை வரிசை மட்டும் நீளம். சேலை கட்டிய அம்மாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குத் தோளை மூடத் துப்பட்டா வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த மகனை மடியில் கிடத்திய தாய். இருபத்தைந்து வயதுகூட ஆகாத பையன் செதுக்கியது என்று மகள் படித்துச் சொன்னாள். அம்மா வெகுநேரம் நின்றார். என் அண்ணன் பதினெட்டு வயதில் போனவர். நான் ஒன்றும் பேசவில்லை.

பிறகு மெட்ரோவில் போய்க் கொலோசியத்தை வெளியே நின்றுதான் பார்த்தோம். தெருவுக்குத் தெரு குடிதண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது, போத்தல் கொண்டு போனால் தண்ணீருக்குச் செலவில்லை. ஒரு ஊருக்கு ஒரு பெரிய இடம், நேரம் மிஞ்சினால் இன்னொன்று, அதற்கு மேல் வேண்டாம் என்று புறப்படுமுன்பே தீர்மானித்திருந்தோம். மகன் முகம் தூக்கினாலும் அந்தத் தீர்மானம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஏனென்றால், திரும்பும்போது தெர்மினி நிலையத்தில் ஏறப் போனோம். எங்கள் ரயில் நிற்கும் நடைமேடை நிலையத்தின் கடைக்கோடியில் இருந்தது. அம்மாவின் நடைக்கு அது கால் மணி நேரம். கண்ணெதிரே ரயில் புறப்பட்டுப் போய்விட்டது. நல்லவேளையாக, கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு இரண்டு ரயில் முன்னதாகக் குறித்து வைத்திருந்தார் என் கணவர். அடுத்ததில் ஏறி, கப்பல் வாசலை மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே வந்து சேர்ந்தோம்.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் காத்திருப்பார்கள். சொந்தமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நாமே செலவு செய்து போய்ப் பிடிக்க வேண்டியதுதான். தினமும் அறைக்கு வரும் தாளில் அந்த ஊர் ஏஜெண்டின் தொலைபேசி எண் இருக்கும், கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும். விமானத்திலும் இதே கவனம் வேண்டும். கப்பல் கிளம்பும் நாளில் போய் இறங்காமல், ஒரு நாள் முன்னதாகவே பார்சலோனா போய்விட்டோம். 1882இல் தொடங்கி இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்துக்கு நேரம் குறித்து டிக்கெட் எடுத்திருந்ததால் வரிசை இல்லை. லா ராம்ப்லா தெருவில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நடங்கள்.

மார்செயில் துறைமுகம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. பழைய துறைமுகம் வரை வந்துவிட்டால், 60ஆம் எண் பஸ் மலைமேலுள்ள நோத்ர் தாம் தெ லா கார்த் மாதா கோயில் வாசலுக்கே கொண்டு போய்விடும். கடலில் பிழைத்து வந்தவர்கள் நேர்ந்துகொண்டு தொங்கவிட்ட குட்டிக் குட்டிக் கப்பல்கள் கூரையிலிருந்து ஆடிக்கொண்டிருக்கின்றன. மற்றபடி அந்த ஊர் எங்களுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஜெனோவாவில் கப்பலைவிட்டு இறங்கினால் ஊர். பிள்ளைகளை அப்பாவோடு மீன் காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு, நானும் அம்மாவும் சொத்தோரிபா என்ற பழைய வளைவு நடைபாதையில் மெதுவாகப் போனோம். ஒரு கடையில் விறகு அடுப்புக்குள்ளிருந்து வண்டிச் சக்கரம் போன்ற செம்புத் தட்டை இழுத்தார்கள். அதில் மஞ்சளாக, ஓரம் கருகிய ஒரு மெல்லிய அடை. பெயர் ஃபாரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஒலிவ எண்ணெய், அவ்வளவுதான். துண்டு போட்டு மேலே மிளகுத்தூள் தூவித் தாளில் சுற்றித் தந்தார்கள். அம்மா ஊதி ஊதி ஒரு வாய் தின்றுவிட்டு, "கடலை மாவுதான். கொஞ்சம் சோம்பு போட்டிருக்கலாம்" என்றார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினோம். கப்பலில் ஏறியதிலிருந்து அவர் வயிறார உண்டது அன்றைக்குத்தான்.

பாலெர்மோவைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். கப்பல் ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது, வண்டியே தேவையில்லை. பல்லாரோ சந்தைக்கு நடந்தோம். நம் காலைச் சந்தை மாதிரியே கூச்சல், தண்ணீர் தெளித்த தரை, குவித்து வைத்த கத்தரிக்காய். ஒரு சந்தில் திரும்பினால் கருவேப்பிலை வாசனை! இலங்கைத் தமிழர் கடை. முருங்கைக்காயும் அரிசி மாவும் அடுக்கியிருந்தன. கல்லாவில் இருந்தவர் அம்மாவின் சேலையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "எங்கயிருந்து வாறீங்கள் அம்மா?" "மலேசியாவுலேருந்து தம்பி." ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, எங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். காசு வாங்கவே இல்லை. போரின்போது வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. "நேரம் இருந்தா மலைக்குப் போயிட்டு வாங்கோ. சாந்தா ரொசாலியா. நாங்கள் சைவக்காரர்தான், ஆனா எங்கட ஆக்கள் எல்லாரும் போறவை" என்றார்.

எங்கள் திட்டத்தில் அது இல்லவே இல்லை. கணவரையும் மகனையும் சந்தையில் விட்டுவிட்டு (அங்கே பனெல்லே என்று கடலை மாவு வில்லைகளைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள், மகன் மூன்று தின்றானாம்) நாங்கள் மூவரும் டாக்சி பிடித்தோம். போக, காத்திருக்க, வர 60 யூரோ என்று பேசி ஏறினோம். ஏறுமுன் பேசிவிடுவது முக்கியம். மொந்தே பெல்லெக்ரினோ மலையில் வளைந்து வளைந்து ஏறினால், பாறை முகத்தில் ஒட்டவைத்தது போல் ஒரு கோயில். முன்சுவர்தான் கட்டடம், உள்ளே குகை. ரொசாலியா என்ற பெண் துறவியாக வாழ்ந்த இடம் என்கிறார்கள். 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் கிடைத்ததாகவும், ஊரைச் சுற்றி ஊர்வலமாக எடுத்து வந்ததும் நோய் நின்றதாகவும் நம்பிக்கை. டிரைவர் சொன்னதை மகள் அம்மாவுக்குச் சொன்னாள். "அப்ப நம்ம மாரியாயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அம்மா.

குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஜனங்கள் மேல் விழாமலிருக்கப் பாறை நெடுக மெல்லிய தகரங்களை வளைத்துப் பொருத்தி, தண்ணீரை ஓரமாக வழியவிட்டிருக்கிறார்கள். அதைத் தீர்த்தமாக மதிக்கிறார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். தகரத்தின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, அடுத்த தகரத்தில் விழுந்து ஓடியது. "கோட்டுல பால் எறங்குற மாதிரியே எறங்குது பாரு" என்று என் மகளிடம் காட்டினார். மரத்தில் சாய்வாகக் கோடு கீறுவது, பால் அதன் வழியே வந்து தகரத்தில் ஏறி மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டுவது, மழை வந்தால் அன்றைக்குப் பால் கெட்டு அரைப் பேரு, அதாவது அரை நாள் கூலி, விழுவது, எல்லாவற்றையும் அந்தக் குகையில் நின்று கையால் வரைந்து வரைந்து சொன்னார். சுங்கை சிப்புட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண், பால்மரக் கதையைப் பாட்டி வாயால் முழுசாகக் கேட்டது சிசிலியில். கப்பல்காரர்களின் பஸ்ஸில் போயிருந்தால் இருபது நிமிஷத்தில் கொடியைத் தூக்கிக் கிளப்பியிருப்பார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் இருந்தோம்.

வல்லெட்டாவுக்குக் கப்பல் நுழையும்போது எப்படியாவது மேல்தளத்தில் இருங்கள். இரண்டு பக்கமும் மஞ்சள் கல் கோட்டைச் சுவர்கள் நகர்ந்து வரும். ஊர் உயரத்தில் இருந்தாலும் 58 மீட்டர் உயர லிஃப்ட் ஒன்று துறைமுகக் கரையிலிருந்து மேலே உள்ள பூங்காவுக்கே தூக்கிவிடுகிறது, முழங்கால் வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். பகல் 12 மணிக்கு அங்கே பீரங்கி வெடிக்கிறார்கள். ஒரு தேவாலயத்தில் பூசை நேரப் பலகையை மகன் சத்தமாக வாசித்தான். இல்-ஹமீஸ், இஸ்-சிப்த், இல்-ஹத். "அம்மா, கமிஸ், சப்து, அஹாட்!" மால்டா மொழி அரபியிலிருந்து கிளைத்தது, மலாய்க்கும் கிழமைப் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. அதற்குப் பிறகு பெயர்ப்பலகை ஒன்றைக்கூட அவன் விடவில்லை.

கடல் நாளில் எல்லாரும் தூங்கினோம்.

மறுபடி போனால் இதே பாதையில் போவேன், ஜன்னல் அறையில். சுற்றுலாவுக்குக் கப்பல்காரர்களிடம் காசு கட்ட மாட்டேன். ஆனால் கொஞ்ச தூரம்கூட நடக்க முடியாதவர் உங்களோடு வந்தால், ரோமுக்கு மட்டும் அவர்கள் பஸ்ஸை எடுங்கள், அந்த 75 யூரோ அப்போது தகும். இதே ஏழு இரவில் பாலெர்மோவுக்குப் பதிலாக நேப்பிள்ஸ் போகும் பாதைகளும் விற்கிறார்கள், அதனால் பணம் கட்டுமுன் துறைமுகப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்க் குடும்பமாக இருந்தால் பாலெர்மோ உள்ளதையே எடுங்கள். பல்லாரோவில் அந்தக் கடையைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டாம், கருவேப்பிலை வாசனை போதும்.